வயர் தெரியாத வீடு

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்த வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள்:

வீட்டுக்காரன். மரச்சாமான் விற்கும் ஷோரூம் ஒன்றின் மேலாளர்.
அவன் மனைவி.
அவர்கள் மகள், ஏழு வயது.
மனைவியின் அண்ணன். வீடு வீடாகப் போய் அலமாரியும் டிவி யூனிட்டும் பொருத்துகிற ஃபிட்டர்.
வீடு பார்க்க வந்த தையல்கடைக்காரம்மா. அவளுடைய புருஷன்.

கீழ்வீட்டு வேன் டிரைவர் கூடத்தில் இல்லை. ஆனால் அவருடைய காது பல வருஷமாக அங்கேதான் இருந்தது. ஆகவே அவரையும் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

காலையிலிருந்து ஃபிட்டர் தரையில் குப்புறப் படுத்துக் கிடந்தான். தலையும் ஒரு கையும் புது டிவி யூனிட்டின் வயிற்றுக்குள் போயிருந்தன. மிச்ச உடம்பு வெளியே கிடந்து அவ்வப்போது முனகியது. சுவரை அடைத்து நின்ற நீளமான யூனிட் அது. மேலே டிவி, பக்கத்தில் விளக்கு, தண்ணீர் கொதிக்கவைக்கும் கெட்டில். நடுவில் ஒரு பலகையை இழுத்தால் துணி தேய்க்கும் மேசை வெளியே வரும். அத்தனைக்கும் கரண்ட் வேண்டும். ஆனால் ஒரு வயர்கூட வெளியே தெரியக் கூடாது. அதுதான் அந்த வீட்டின் சட்டம்.

ஷோரூம்காரன் அந்தச் சட்டத்தால்தான் பிழைத்தான். வாங்க வருகிறவர்களைச் சொந்த வீட்டுக்கே அழைத்து வந்து காட்டுவான். "ஒரு வயர் கண்ணுல பட்டா யூனிட் இலவசம்" என்பான். இதுவரை யாருக்கும் இலவசமாகப் போனதில்லை. போகிற இடமெல்லாம் பலகை மேல் விரலை ஓட்டித் தூசி பார்ப்பான். அதனால் வேலைக்காரர்கள் முதுகுக்குப் பின்னால் அவனுக்கு வைத்த பெயர் 'விரல்'. 'விரல் வருது டோய்' என்றால் எல்லோரும் பீடியை அணைப்பார்கள்.

"மச்சான், பின்பலகையில என்ன பண்றீங்க?"

"நாலு ஓட்டை போடலாம்னு பாக்கறேன் மாப்பிள்ளை. காத்து போகணும். உள்ள சூடு கட்டும்."

"ஓட்டை தெரியும்."

"சுவரப் பாத்துத்தானே இருக்கப்போகுது. யாரு பாக்கப்போறா?"

"நான் பாப்பேன்."

ஃபிட்டர் துளைபோடும் மெஷினைக் கீழே வைத்தான். யூனிட்டுக்குள்ளிருந்து நீளமான எக்ஸ்டென்ஷன் வயரை இழுத்துக் காட்டினான்.

"அப்ப இதையாவது வெட்டிச் சின்னதாக்கிடறேன். இவ்வளவு நீளம் எதுக்கு?"

"கம்பெனி வயரு. வெட்டினா கேரண்டி போயிடும். சுருட்டி டேக் போட்டு உள்ள தள்ளுங்க."

ஃபிட்டர் சுருட்டினான். பிளாஸ்டிக் டேக் போட்டு இறுக்கினான். மூலையில் தள்ளினான். சுருட்டிக் கட்டிய வயரில் பெரிய சாமானை ஓட்டினால் சூடேறும் என்பது அவனுக்குத் தெரியும். காற்றில்லாத பெட்டிக்குள் அது இன்னும் மோசம் என்பதும் தெரியும். வேறு வீடாக இருந்தால் வாக்குவாதம் செய்திருப்பான். இந்த வீட்டில் செய்யமாட்டான். அவனுக்கு வருகிற வேலையெல்லாம் இந்த மாப்பிள்ளையின் வாயிலிருந்து வருகிறது.

"இன்னொண்ணு மச்சான். இந்த இழுப்பறைக்குள்ள, இந்தப் பக்கச் சட்டத்துல ஒரு கிளிப் போடுங்க. இது மாட்டற மாதிரி."

ஷோரூம்காரன் நீட்டியது ஒரு வயர். பழைய இஸ்திரிப் பெட்டியின் தடித்த கறுப்பு வயர். இரண்டாக மடித்திருந்தது. ஒரு முனையில் உள்ளங்கை அகலத்துக்கு இன்சுலேஷன் டேப் வழவழப்பாகச் சுற்றியிருந்தது.

ஃபிட்டர் அதைக் கையில் வாங்கிப் புரட்டினான். இந்த முனையில் பிளக் இல்லை. அந்த முனையிலும் பிளக் இல்லை. அது எதையும் எதோடும் இணைக்காது. டேப் சுற்றியிருந்த இடம் கைப்பிடி.

சமையலறை வாசலில் தங்கை நின்றிருந்தாள். அண்ணன் பார்ப்பதைப் பார்த்தாள். ரவிக்கைக் கையை முழங்கைப் பக்கம் இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஃபிட்டர் இழுப்பறையை வெளியே உருவினான். கிளிப்பை வைத்தான், இரண்டு ஸ்க்ரூ போட்டான், வயரை மாட்டினான், உருவிப் பார்த்தான், மறுபடி மாட்டினான். சுலபமாக வந்தது, சுலபமாகப் போனது.

"இப்படித்தான் இருக்கணும் வேலை," என்றான் ஷோரூம்காரன். தோளில் தட்டிக்கொடுத்தான்.

அந்த வயரின் வேலை எப்படி நடக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். போன புதன்கிழமை கட்டிலோரம் போன் சார்ஜர் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அவள்தான் மறந்துவிட்டாள். ஷோரூம்காரன் கத்தவில்லை. ஜன்னல்களைச் சாத்தினான். ஃபேனைக் கூட்டிவைத்தான். சட்டைக் கையை மடித்துவிட்டான். பிறகு அடித்தான். முதுகில், தோளில், மேல்கையில், தொடையில். முகத்திலும் முன்கையிலும் அவன் ஒருநாளும் அடித்ததில்லை. வாடிக்கையாளர்கள் வருகிற வீடு. அவள் வாய்க்குள் துணியைத் திணித்துக்கொண்டாள், அதுவும் பழக்கம். தோல் பிளந்த இடத்தில் ரத்தம் ரவிக்கையோடு ஒட்டிக்கொண்டது. மூச்சு வாங்கியதும் நிறுத்தினான். டேப் கைப்பிடியை ஈரத் துணியால் துடைத்தான். "அந்தச் சார்ஜரைச் சுத்தி உள்ள வை" என்றான். அவள் சுற்றி வைத்தாள்.

மகள் அடுத்த அறையில் இருந்தாள். அப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டால் மற்றக் குழந்தைகள் வாசலுக்கு ஓடும். இவள் வீட்டைச் சுற்றி ஓடுவாள். எங்கேயாவது வயர் கிடக்கிறதா என்று பார்ப்பாள். இருந்தால் நான்கு விரலில் விறுவிறுவென்று சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டு, மெத்தைக்கடியில் தள்ளிவிடுவாள். பள்ளிக்கூடத்தில் அவளுக்குக் கணக்கு வராது. இது வரும்.

போன வருஷம் ஒருநாள் அவள் அம்மா போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் போனாள். எழுத்து மேசையில் இருந்த ஏட்டு கேட்டது ஒரே கேள்வி: "யாராவது பாத்தாங்களா?" அவள் அண்ணனின் பெயரைச் சொன்னாள். அண்ணன் ஒருமுறை நேரில் பார்த்திருந்தான். திடீரென்று வீட்டுக்கு வந்து, கதவு திறந்திருந்ததால் உள்ளே வந்து, பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் திரும்பிப் போயிருந்தான். ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். வந்தான். தங்கையின் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "சாதாரணப் புருஷன் பொண்டாட்டி சண்டை சார். நாங்களே பேசிக்கறோம்."

அன்றைக்கு அவள் அவன் வீட்டுக்குத்தான் போக நினைத்தாள். அவன் அவளை ஆட்டோவில் ஏற்றி இங்கேயே கொண்டுவந்து விட்டான். "வெளிய தெரிஞ்சா நமக்குத்தான் அசிங்கம். கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா" என்றான். அடுத்த வாரத்திலிருந்து ஷோரூம் வேலையெல்லாம் அவனுக்கு வர ஆரம்பித்தது. இரண்டும் தனித்தனி விஷயம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அடிக்கடி சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது.

அவளுக்கு அதற்குப் பிறகு பெரிய ஆசை எதுவும் இல்லை. பார்த்தேன் என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். அவ்வளவுதான்.

மதியம் தையல்கடைக்காரம்மா புருஷனோடு படியேறி வந்தாள். புது வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு உரத்த குரல். அவருக்குக் குரலே இல்லை.

"அடேங்கப்பா," என்று வாசலிலேயே நின்றாள். "ஏங்க, இங்க மனுசங்க இருக்காங்களா, இல்ல சுவத்துல மாட்டின படமா?"

ஷோரூம்காரன் சிரித்தான். "எல்லாம் இவங்க கைங்கரியம் மேடம்," என்று மனைவியைக் காட்டினான். "வீட்ட அவ்வளவு சுத்தமா வெச்சிப்பாங்க."

மனைவியும் சிரித்தாள். எவ்வளவு சிரிக்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும்.

"எங்க கடையில தையல் மெஷின் வயரு கால்ல சுத்தி இவரு போன மாசம் குப்புற விழுந்தாரு," என்றாள் தையல்கடைக்காரம்மா. "விழுந்ததும் நல்லதாப் போச்சு. ஒரு வாரம் வாயத் திறக்கல."

"முன்னாடி மட்டும் எங்க திறந்தேன்?" என்றார் புருஷன்.

ஷோரூம்காரன் காட்ட ஆரம்பித்தான். டிவியைப் போட்டான். விளக்கைப் போட்டான். மேசையை இழுத்து இஸ்திரிப் பெட்டியைச் சூடேற்றினான். கெட்டிலில் தண்ணீர் ஊற்றிப் பட்டனை அழுத்தினான். கொதித்ததும் கொட்டிவிட்டு, வந்தவர் சரியாகப் பார்க்கவில்லை என்று மறுபடி நிரப்பிப் போட்டான். "எங்கயாவது ஒரு வயரு காட்டுங்க பாப்போம்!" தையல்கடைக்காரம்மா குனிந்து தேடினாள். பின்பக்கம் எட்டிப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை.

ஃபிட்டர் சுவரோரம் நின்று இஸ்திரிப் பெட்டியையும் கெட்டிலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒருமுறை, "மாப்பிள்ளை, அத அணைச்சிடலாமே" என்றான்.

"இருங்க மச்சான். பாத்துட்டுப் போகட்டும்."

ஃபிட்டர் மறுபடி சுவரில் சாய்ந்துகொண்டான்.

முதலில் பார்த்தது மகள். யூனிட்டின் மூட்டிலிருந்து நூல் மாதிரி புகை வந்தது. ஆனால் ஆட்கள் இருக்கும்போது பேசக் கூடாது. அவள் அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தாள். அம்மா குனிந்து பார்த்தாள்.

"புகை! என்னங்க, உள்ள புகையுது!"

"ஒண்ணுமில்ல," என்றான் ஷோரூம்காரன், சிரிப்பு மாறாமல். "புது மரம். அப்படித்தான் வாசன வரும்."

மரவாசனை இல்லை. ரப்பர் கருகும் நாற்றம். அடுத்த நிமிஷம் பலகை இடுக்கில் சிவப்பாக ஒன்று எட்டிப் பார்த்தது. தையல்கடைக்காரம்மாவின் புருஷன் அவளைக் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனார். ஃபிட்டர் அவர்களைத் தள்ளிக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் இருந்த மெயின் சுவிட்சுக்கு ஓடினான்.

மனைவி யூனிட்டின் கதவைத் திறந்தாள். கையை உள்ளே விட்டு அகப்பட்டதை எல்லாம் இழுத்தாள். வயர்கள் குடல் மாதிரி சரிந்து வெளியே விழுந்தன. கறுப்பு, வெள்ளை, சாம்பல். சார்ஜர்கள், பிளக்குகள், உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட சுருள். பளபளக்கும் தரை முழுக்க வயர்.

ஷோரூம்காரன் நெருப்பைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தான்.

பிறகு கை தானாகவே இழுப்பறைக்குப் போனது. கிளிப்பிலிருந்து அது சுலபமாக வந்தது.

முதல் அடி அவள் பின்கழுத்தில் விழுந்தது. அவள் முழங்காலில் சரிந்தாள். இரண்டாவது அடி காதோடு சேர்த்து. காது கிழிந்தது. "ஆளு முன்னாடி... ஆளு முன்னாடி என் மானத்த..." மூன்றாவது முகத்தில். இத்தனை வருஷத்தில் முகத்தில் விழுந்த முதல் அடி அதுதான். நெற்றியிலிருந்து தாடைவரை ஒரு கோடு பிளந்தது. ரத்தம் கண்ணில் இறங்கியது. அவள் துணியைத் தேடவில்லை. வாயைத் திறந்து கத்தினாள். படிக்கட்டு அதிர்ந்தது.

மெயினை அணைத்துவிட்டுத் திரும்பிய ஃபிட்டர் வாசற்படியிலேயே நின்றான். போன தடவையும் இதே இடத்தில்தான் நின்றான். காலுக்கு இங்கிருந்து திரும்பிப் போகிற வழி நன்றாகத் தெரியும்.

அப்போது தரையில் உட்கார்ந்திருந்த மகளைப் பார்த்தான். அவள் அழவில்லை. சிதறிக் கிடந்த சார்ஜர் வயரை நான்கு விரலில் விறுவிறுவென்று சுற்றிக்கொண்டிருந்தாள். ஒன்றைச் சுற்றி ஓரமாக வைத்தாள். அடுத்ததை எடுத்தாள். அவசரத்தில் சுருள் அவிழ்ந்தது. மறுபடி சுற்றினாள்.

"மாமா, வாங்க மாமா. சீக்கிரம் எடுத்து வைங்க. எல்லாத்தையும் எடுத்து வெச்சா நிறுத்திடுவாரு."

ஃபிட்டருக்கு அதன் பிறகு என்ன நடந்தது என்பது துண்டு துண்டாகத்தான் நினைவில் இருக்கும்.

ஓங்கிய கையில் குறுக்கே விழுந்தான். வயர் அவன் கன்னத்தை வகுந்துகொண்டு போனது. ஷோரூம்காரனின் சட்டையைப் பிடித்து யூனிட்டின் மேல் மோதினான். டிவி ஆடி, தலைகுப்புற விழுந்து நொறுங்கியது. ஷோரூம்காரன் அவன் கையைக் கடித்தான். பல் சதையில் இறங்கியது. ஃபிட்டர் கையை உருவாமல் அடுத்த கையால் மூக்கில் குத்தினான். ஒருமுறை, இன்னொருமுறை. ஏதோ முறிகிற சத்தம் கேட்டது. இரண்டு பேரும் உருண்டார்கள். கண்ணாடிச் சில்லு முதுகில் ஏறியது. ஷோரூம்காரன் கெட்டிலைப் பிடித்து வீசினான். வெந்நீர் ஃபிட்டரின் தோளில் கொட்டியது. அவன் அலறிக்கொண்டு பிடியை விட்டான். ஷோரூம்காரன் எழுந்தான். வயர் இன்னும் கையில்தான் இருந்தது. மனைவியைப் பார்த்துத் திரும்பினான்.

அவள் எழுந்து நின்றிருந்தாள். கையில் இஸ்திரிப் பெட்டி. கரண்ட் போய்விட்டது, சூடு போகவில்லை. பிளக்கோடு பிய்ந்து வந்த அதன் வயர் தரையில் இழுபட்டது. பெட்டியின் அடிப்பாகத்தை அவன் முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

"வா," என்றாள். "கிட்ட வா. வெச்சுத் தேய்ச்சிடறேன்."

அவன் வரவில்லை. அவளை அப்படி ஒரு குரலில் அவன் கேட்டதில்லை. ஒரு அடி பின்னால் வைத்தான்.

அந்த நேரத்தில் கீழ்வீட்டு டிரைவர் வேனில் இருந்த தீயணைப்பான் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க உள்ளே வந்தார். யூனிட்டின் வயிற்றைப் பார்த்து அமுக்கினார். வெள்ளைப் பொடி சீறிக்கொண்டு கிளம்பி, நெருப்பை மூடி, சுவரை மூடி, நான்கு பேரையும் மூடியது. விரலை ஓட்டித் தூசி பார்க்கிறவனின் வீடு மாவு மில் மாதிரி ஆகிவிட்டது.

தையல்கடைக்காரம்மா வாசலுக்குத் திரும்பி வந்திருந்தாள். படிக்கட்டில் நின்றே போலீசுக்குப் போன் செய்திருந்தாள். "நமக்கு எதுக்கும்மா வம்பு" என்று புருஷன் கையைப் பிடித்தபோது, "கைய எடுய்யா" என்று ஒரு வார்த்தைதான் சொன்னாள். இப்போது ரத்தமும் பொடியுமாக நின்றவளைப் பார்த்தாள். தோளில் கிழிந்திருந்த ரவிக்கையைப் பார்த்தாள். உள்ளே பழைய கோடுகள், புதிய கோடுகள், ஆறிக் கறுத்த கோடுகள். துணியை அளக்கிற கண் அது. எது எப்போதையது என்று அதற்குத் தெரிந்தது.

டிரைவரிடம் திரும்பினாள். "நீங்க நேர் கீழதானே இருக்கீங்க? இதுக்கு முன்ன சத்தம் கேட்டதில்லையா?"

டிரைவர் சிலிண்டரைக் கீழே வைத்தார். "கேக்கும்."

"கேட்டா?"

"டிவி சத்தத்தக் கூட்டி வெச்சிப்போம்," என்றார். சொன்ன பிறகுதான் அது எப்படி ஒலித்தது என்று அவருக்கே தெரிந்தது. தலையைக் குனிந்துகொண்டார்.

"புகை வந்தா ஓடி வர்றீங்க. பொம்பள கத்தினா டிவியக் கூட்டறீங்க," என்றாள் அவள்.

போலீஸ் வருவதற்குள் ஷோரூம்காரன் முகம் கழுவினான். மூக்கில் துணியை வைத்துக்கொண்டான். தலை சீவினான். தரையில் கிடந்த அந்தக் கறுப்பு வயரை எடுத்து, பொடியைத் தட்டி, மடித்து, கிளிப்பில் மாட்டி, இழுப்பறையைச் சாத்தினான். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே செய்தான். கை பழகிய பழக்கம்.

வந்தது அதே ஏட்டு. கூட ஒரு இளம் கான்ஸ்டபிள். ஏட்டு கூடத்தைச் சுற்றிப் பார்த்தார்.

"தீ விபத்து சார்," என்றான் ஷோரூம்காரன். "பதட்டத்துல டிவி விழுந்து இவங்களுக்கு அடிபட்டுடுச்சு. மச்சான் தவறிப்போய் என் மேல விழுந்துட்டாரு."

ஏட்டு மனைவியைப் பார்த்தார். "நீ போன வருஷம் வந்த பொண்ணுதானே?"

"ஆமா சார். அன்னைக்கு யாரு பாத்தாங்கன்னு கேட்டீங்க."

"இன்னைக்கு யாரு பாத்தாங்க?"

தையல்கடைக்காரம்மா முன்னால் வந்தாள். "நான் சத்தம் கேட்டேன் சார். நல்லாக் கேட்டேன். புகைக்குப் பயந்து வெளிய நின்னுட்டேன், கண்ணால பாக்கல."

"கூடத்துக்குள்ள யாரு இருந்தது?"

மனைவி அண்ணனைப் பார்க்கவில்லை. போன வருஷம் பார்த்தாள். போதும் என்று விட்டுவிட்டாள். கையிலிருந்த இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, மகளின் விரலில் சுற்றியிருந்த வயரை மெதுவாக அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

ஷோரூம்காரன் தணிந்த குரலில், குடும்பத்துக்குள் பேசுகிற மாதிரி பேசினான். "மச்சான், சொல்லுங்க. எந்திரிச்சு முகத்தக் கழுவுங்க. அடுத்த மாசம் பூரா உங்களுக்கு வேலை கிடக்கு. வெளிய தெரிஞ்சா யாருக்கு அசிங்கம்னு உங்களுக்கே தெரியும். நீங்க சொன்ன வார்த்ததானே?"

ஃபிட்டர் எழுந்தான். தோளில் வெந்நீர் பட்ட இடம் கொப்புளித்திருந்தது. பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தான். இழுப்பறையை வெளியே உருவித் தரையில் வைத்தான். உட்கார்ந்து இரண்டு ஸ்க்ரூவையும் கழற்றினான். கிளிப்பும் அதில் மாட்டிய வயருமாக அப்படியே எடுத்து ஏட்டின் முன்னால் நீட்டினான்.

"இதால அடிச்சான் சார். நான் பாத்தேன்."

"இன்னைக்கா?"

"இன்னைக்கும். போன வருஷமும் பாத்தேன். ஸ்டேஷன்ல உங்ககிட்ட பொய் சொன்னேன். இந்தக் கிளிப்ப இன்னைக்குக் காலையில நான்தான் போட்டேன். வயருக்கு ரெண்டு பக்கமும் பிளக் இல்ல. எதுக்குன்னு தெரிஞ்சேதான் போட்டேன்."

"பைத்தியம் புடிச்சிருக்கா உனக்கு?" என்று கத்தினான் ஷோரூம்காரன். "சார், இவன்தான் என் மூக்க உடைச்சான்!"

"ஆமா சார், உடைச்சேன். அதையும் எழுதிக்குங்க." ஃபிட்டரின் கன்னத்து வெட்டிலிருந்து ரத்தம் கழுத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. "குடும்ப மானம்னு மூடி மூடி வெச்சேன். நான் மூடி வெச்சது என் தங்கச்சி மானத்த இல்ல. இவன் கைய. நாம வாய மூடிக்கிட்டா அடி வாங்கறவங்களுக்கு மறைவு இல்ல சார். அடிக்கறவனுக்குத்தான் மறைவு."

ஏட்டு வயரை வாங்கினார். டேப் சுற்றிய கைப்பிடியைத் தொட்டுப் பார்த்தார். இளம் கான்ஸ்டபிளிடம் தலையசைத்தார். அவன் ஷோரூம்காரனின் கையைப் பின்னால் முறுக்கிப் பிடித்தான். ஷோரூம்காரன் திமிறினான். கான்ஸ்டபிள் அவன் முகத்தைச் சுவரோடு அழுத்தினான். வெள்ளைச் சுவரில் மூக்கின் அச்சு சிவப்பாக விழுந்தது.

டிரைவர் தொண்டையைக் கனைத்தார். "சார், நானும் வர்றேன். கேட்டதச் சொல்றேன். நிறைய நாள் கேட்டிருக்கேன்."

"நாளைக்கு வா. பொண்ணுக்கு முதல்ல கட்டுப் போடணும். ஃபிட்டர், நீ இப்பவே வா."

ஃபிட்டர் தங்கையின் பக்கத்தில் வந்தான். கீழே கிடந்த வயர்களைக் குனிந்து பொறுக்கப் போனான். பழக்கம்.

"வேணாம், விடு," என்றாள்.

"இல்லம்மா..." என்றான் அண்ணன்.

"போன வருஷமே சொல்லியிருந்தா இந்த முகம் கிழிஞ்சிருக்காது. போய் முழுசாச் சொல்லிட்டு வா. அப்புறம் பேசலாம்."

அவன் தலையாட்டினான். அதைவிட அதிகம் எதிர்பார்க்க அவனுக்கு உரிமை இல்லை. வாசலில் நின்ற தையல்கடைக்காரம்மாவைப் பார்த்ததும் நினைவு வந்தவன் போலச் சொன்னான்: "உங்க வீட்டுல வயரச் சுருட்டி மூடி வைக்காதீங்கம்மா. வெளிய கிடக்கட்டும். கண்ணுக்குத் தெரிஞ்சாத்தான் கருகறது தெரியும்."

"எங்க வீட்டுல எல்லாம் தொங்கும்பா," என்றாள். "நீ நட." அவள் மனைவியைப் பார்த்தாள். "பக்கத்துத் தெருவுல டாக்டர் இருக்காங்க, இங்கயே வரச் சொல்றேன். நான் கீழயே நிக்கறேன், பயப்படாத."

ஏட்டு ஷோரூம்காரனின் இடுப்புக் கொக்கியிலிருந்து சாவிக்கொத்தைக் கழற்றினார். அவள் ஸ்டேஷனுக்குப் போன நாளிலிருந்து, வெளியே போகும்போதெல்லாம் அவன் வாசற்கதவை வெளியிலிருந்துதான் பூட்டிவிட்டுப் போவான். ஏட்டு அதை மனைவியின் கையில் கொடுத்தார்.

வாசலைத் தாண்டும்போது ஷோரூம்காரன் திரும்பினான். மனைவியைப் பார்க்கவில்லை. மகளையும் பார்க்கவில்லை. மனைவியின் தோளுக்கு மேலாகத் தரையைப் பார்த்தான். எரிந்த யூனிட்டிலிருந்து சரிந்து, கூடம் முழுக்கப் பரவி, வாசல்வரை நீண்டு கிடந்த வயர்களைப் பார்த்தான். படிக்கட்டில் மாடிக்காரர்கள், கீழ்வீட்டுக்காரர்கள் எல்லோரும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அதையெல்லாம் எடுத்து உள்ள வை," என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு. "பாக்கறவங்க என்ன நினைப்பாங்க?"

அவள் முகத்து ரத்தத்தைத் துடைக்கவில்லை. கிழிந்த ரவிக்கையை இழுத்துவிடவில்லை. படிக்கட்டில் நின்ற அத்தனை பேருக்கும் தெரிகிற மாதிரி வாசலில் வந்து நின்றாள்.

"பாக்கட்டும்," என்றாள்.

கான்ஸ்டபிள் அவனை இழுத்துக்கொண்டு படியிறங்கினான். வாசற்படியில் ஒரு வயர் குறுக்கே கிடந்தது. அவள் அதைக் காலால் ஒதுக்கி, கதவைச் சாத்தி, உள்ளிருந்து சாவியைத் திருகிப் பூட்டினாள்.